தலைமாட்டில் நிற்பவர் யார் என்று கேளுங்கள்

குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரிலிருந்து ஒரு தாய், மயக்க டாக்டரான எனக்கு ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். எடை பதினொன்றரை கிலோ. எட்டாம் மாதத்திலேயே பிறந்த பிள்ளை. அழும்போதும் முக்கும்போதும் வலது தொடையிடுக்கில் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைக்கும். படுக்க வைத்தால் உள்ளே போய்விடும். குடலிறக்கம், ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அருகிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் குருத்தோலை ஞாயிறு கழிந்த வாரம் நாள் குறித்தார்கள். காலை 8 மணிக்கு ஆபரேஷன், முந்தின இரவு 9 மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. காலையில் அவசரமாக ஒரு சிசேரியன் வந்ததில் பிள்ளையின் முறை தள்ளிப்போனது. 11.30 மணிக்கு அவன் தொண்டை கட்டும் அளவுக்கு அழ, பொறுக்க முடியாமல் மாமியார் அரை ரஸ்க்கைச் சாயாவில் முக்கி ஊட்டிவிட்டார். ஒரு மணிக்கு நர்ஸ் வந்து கேட்டபோது தாய் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் ரத்து. வார்டே கேட்கும்படி ஏச்சு. மருமகள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று மாமியார் அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"மயக்கம் யார் குடுப்பா என்று கேட்டேன். அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம், சின்ன ஆபரேஷன்தானே, லேசா தூங்க வைப்போம், முழு மயக்கம் இல்ல என்றார்கள்" என்று எழுதியிருக்கிறார். பக்கத்து ஊரில் ஒரு பிள்ளை டான்சில் ஆபரேஷனில் கண் விழிக்கவே இல்லையாம். மயக்க மருந்து மூளையை மந்தமாக்கும், ஐந்து வயது வரை பொறு என்கிறார் மாமியார். திருவனந்தபுரம் கொண்டுபோ என்கிறார் நாத்தனார். கணவர் ஆழ்கடல் படகில் இருக்கிறார். ஜூன் 1 அன்று தடைக்காலம் தொடங்கிக் கரை சேர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம், அப்பா கையெழுத்து வேண்டுமே என்கிறார். மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டியே டெஸ்ட் செய்ய முடியாதா என்பதும் ஒரு கேள்வி.

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த ரஸ்க்கைப் பற்றிப் பேசிவிடலாம். கடிதத்தில் மூன்று இடத்தில் "என் தப்புதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். மயக்கம் கொடுத்ததும் பிள்ளை தூங்குவது மட்டும் நடப்பதில்லை. இருமுவது, விழுங்குவது, தொண்டைக்குள் எதுவும் போகாமல் காத்துக்கொள்வது எல்லாமே ஓய்ந்துவிடும். வயிற்றில் கிடப்பது மேலேறி வந்தால் தடுக்க ஆளில்லை. நேரே நுரையீரலுக்குள் போகலாம். "ஒண்ணும் குடுக்கல சிஸ்டர்" என்று நீங்கள் சொல்லியிருந்தால் அதை நம்பி மயக்கம் கொடுத்திருப்பார்கள். அந்தப் பொய்யை என்னிடம் நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள், ஏச்சுக்குப் பயந்து. ஒரு முறை பிள்ளையின் கடைவாயில் ஒட்டியிருந்த பிஸ்கட் துணுக்கைப் பார்த்துத்தான் நான் சுதாரித்தேன். ஏசி ஏசித்தான் நாங்கள் அந்தப் பொய்யை வரவழைக்கிறோம் என்பது எனக்குப் புரியப் பல வருடம் ஆனது.

தள்ளிப்போட்டது சரியான முடிவு. ஆனால் இரவு 9 முதல் மறுநாள் 11.30 வரை, பதினான்கரை மணி நேரம் ஒரு சின்னப் பிள்ளையை வறண்ட வாயோடு வைத்திருந்தது சரியில்லை. அதற்குப் பொறுப்பு உங்கள் மாமியார் அல்ல. நாங்கள் பின்பற்றும் கணக்கு இது: சோறு, இட்லி, பிஸ்கட் என்றால் 6 மணி நேரம், மாட்டுப்பால், பால்பொடி, பால் சேர்த்த சாயா எல்லாவற்றுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4. வெறும் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் மாதிரித் தெளிந்த நீருக்கு 2 மணி நேரம் போதும். ஐரோப்பிய மயக்கவியல் சங்கம் 2022-ல் குழந்தைகளுக்கு அதை 1 மணி நேரமாகவே குறைத்துவிட்டது. கஞ்சித் தண்ணீர் தெளிந்த நீர்க் கணக்கில் வராது, கவனம். ஆக, ஆபரேஷன் 8 மணிக்கு என்றால் காலை 6 மணிக்கு அவனை எழுப்பி அரை டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்கலாம். சிசேரியன் வந்து முறை தள்ளிப்போனதும் யாராவது ஒருவர் வந்து "இன்னும் இவ்வளவு நேரம் ஆகும், இப்போது கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்" என்று சொல்லியிருந்தால் ரஸ்க்குக்கு வேலையே வந்திருக்காது. இந்தப் பத்தியை மாமியாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்த தடவை இரண்டு விஷயம் கேளுங்கள். லிஸ்ட்டில் பிள்ளையை முதலில் போடச் சொல்லுங்கள். எத்தனை மணி வரை என்ன கொடுக்கலாம் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் மணிக்கணக்கோடு எழுதி வாங்குங்கள். மயக்க டாக்டர் சொல்லும் நேரம் நான் மேலே சொன்னதிலிருந்து கொஞ்சம் மாறினால், அவர் சொல்வதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் வரை காத்திருக்கலாமா?

நான் காத்திருக்க மாட்டேன். தொப்புளில் வரும் புடைப்பு பல பிள்ளைகளுக்குத் தானாக மூடிக்கொள்ளும். நீர் மட்டும் இறங்கி வீங்கும் ஓதமும் ஒன்றிரண்டு வயதுக்குள் பெரும்பாலும் வற்றிவிடும். மாமியார் பார்த்த பிள்ளைகள் அந்த வகையாக இருக்கலாம். தொடையிடுக்குக் குடலிறக்கம் மட்டும் தானாகச் சரியாகாது. துணி கட்டுவதாலோ காசு வைத்து அழுத்துவதாலோ மூடாது. வெளியே வந்த குடல் என்றைக்காவது உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டால், அன்று திட்டமிட்ட ஆபரேஷன் போய் நள்ளிரவு அவசரம் ஆகிவிடும். நிதானமாகச் செய்யும் மயக்கத்துக்கும் வாந்தியெடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இரவு 2 மணிக்குக் கொடுக்கும் மயக்கத்துக்கும் ஆபத்தில் நிறைய வித்தியாசம் உண்டு. புடைப்பு கல்லாக இறுகினால், உள்ளே போகாவிட்டால், நிறம் மாறினால், பிள்ளை வாந்தியெடுத்தால் வாயில் ஒன்றும் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அந்த நிமிடமே கிளம்புங்கள்.

இன்னொன்று உங்கள் கணவருக்கு. படகு கரையில் நிற்கும் ஜூன், ஜூலை நம் மேற்குக் கரையில் ஆனி ஆடிச் சாரல் காலம். வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்குச் சளி ஒழுகும். சளிபிடித்த பிள்ளைக்கு மயக்கம் கொடுக்கும்போது குரல்வளை இறுகிப் பூட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பிள்ளையின் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஒவ்வொரு துடிப்புக்கும் 'பீப்' என்று ஒலிக்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையக் குறைய அந்த ஒலியின் சுருதி இறங்கிக்கொண்டே போகும். கண் எங்கே இருந்தாலும் எங்கள் காது அதில்தான் இருக்கும். நெஞ்சு ஏறி இறங்கும், ஆனால் காற்று போகாது, சத்தமும் வராது, சுருதி மட்டும் இறங்கும். பழகிய கை என்றால் அரை நிமிடத்தில் சரிசெய்துவிடும். சின்னப் பிள்ளை கிலோவுக்கு நம்மைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்ஸிஜன் செலவழிக்கிறது. நுரையீரலில் சேமிப்போ குறைவு. அதனால் யோசித்துக்கொண்டு நிற்க நேரம் கிடையாது.

காய்ச்சல், நெஞ்சுச் சளி, வீசிங் இருந்தால் அவை அடங்கி இரண்டு வாரமாவது போகட்டும். மூக்கு லேசாக ஒழுகுவது மட்டும் என்றால் மயக்க டாக்டர் பார்த்து முடிவு செய்வார். வருடத்துக்கு ஆறு, எட்டு தடவை சளி பிடிக்கும் வயது இது. சளியே இல்லாத நாளுக்குக் காத்திருந்தால் நாள் கிடைக்காது. வீட்டுக்குள் யாராவது பீடி பிடிக்கிறார்களா? கடிதத்தில் இல்லை. இருந்தால் இன்றோடு முற்றத்துக்கு அனுப்புங்கள். அந்தப் புகையும் குரல்வளையை முறுக்கேற்றி வைக்கும்.

கையெழுத்துக்காக அப்பா வர வேண்டியதில்லை. தாயின் கையெழுத்து போதும். அவர் பக்கத்தில் இருந்தால் உங்களுக்குத் தெம்பு, அவ்வளவுதான்.

மூளை, டெஸ்ட் டோஸ், "லேசான" மயக்கம்

மூளை மந்தமாகும் என்ற பயத்தை மாமியார் ஒன்றுமில்லாமல் கிளப்பவில்லை. 2016 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே மூன்று வயதுக்குக் கீழே எச்சரிக்கை விட்டது. ஆனால் அந்த எச்சரிக்கை 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கத்துக்கும், திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கத்துக்கும் உரியது. உங்கள் மகனுக்கு நேர் பொருத்தமாக ஓர் ஆய்வு இருக்கிறது. 7 நாடுகள், 28 மருத்துவமனைகள், 722 பச்சைக் குழந்தைகள். அத்தனை பேருக்கும் இதே தொடையிடுக்குக் குடலிறக்க ஆபரேஷன். பாதிப் பேருக்கு முழு மயக்கம், பாதிப் பேருக்கு விழித்திருக்கும்போதே முதுகில் ஊசி. ஐந்து வயதில் அறிவுத்திறனை அளந்து பார்த்தார்கள். 2019-ல் முடிவு வெளியானது: ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட மயக்கத்தால் வித்தியாசம் ஒன்றும் இல்லை. அந்தக் குழந்தைகள் உங்கள் மகனைவிட மிகச் சிறியவர்கள்.

எட்டாம் மாதத்துப் பிள்ளை என்பதால் வரும் முக்கிய ஆபத்து, மயக்கத்துக்குப் பிறகு மூச்சு விட மறந்துபோவது. அது பிறந்த முதல் சில மாதங்களோடு முடிந்துவிட்டது. ஆனாலும் குறைமாதம் என்பதையும், இன்குபேட்டரில் இருந்தானா, ஆக்ஸிஜன் வைத்தார்களா என்பதையும் மயக்க டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்தால் மயக்கம் ஒத்துக்கொள்ளுமா என்று தெரிந்துவிடும் என்பது நம்மூரில் வேரூன்றிய நம்பிக்கை. அப்படி ஒரு டெஸ்ட் கிடையாது. மயக்கம் என்பது ஒரே மருந்தும் இல்லை. கேள்விகள்தான் டெஸ்ட்: குறட்டை விடுவானா, ஓடினால் மூச்சு வாங்குமா, வீசிங் வந்ததுண்டா, எந்த மருந்துக்காவது தடித்ததா, சொந்தத்தில் யாருக்காவது மயக்கத்தின்போது கடும் காய்ச்சலோ வேறு சிக்கலோ வந்ததா. இதை யாரும் கேட்காமல் ஆபரேஷன் தேதி மட்டும் குறித்தால், அங்கே டெஸ்ட் நடக்கவில்லை என்று அர்த்தம்.

"லேசா தூங்க வைப்போம்" என்பதுதான் கடிதத்தில் என்னை உறுத்திய வரி. பெரியவர்களைப் போல "அசையாமல் படு" என்று இரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்ல முடியாது. வயிற்றின் அடியில் கத்தி படும்போது அசையாமல் கிடக்க வேண்டுமென்றால் அது முழு மயக்கம்தான், ஊசியில் கொடுத்தாலும் சரி, காற்றில் கொடுத்தாலும் சரி. பெயரை லேசாக்கினால் ஏற்பாட்டையும் லேசாக்கிவிடத் தோன்றும். ஆபத்து அங்கேதான் நுழையும். சின்ன ஆபரேஷன் உண்டு, சின்ன மயக்கம் கிடையாது என்று எங்கள் தொழிலில் சொல்வோம். உங்களிடம் அப்படிச் சொன்னவர் உங்களைப் பயமுறுத்தக் கூடாது என்றுதான் சொல்லியிருப்பார். இருந்தாலும் அதோடு விடாதீர்கள்.

பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் நான் எதுவும் சொல்ல முடியாது. மெல்போர்னில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மயக்கங்களைக் கணக்கெடுத்து 2011-ல் வெளியிட்டார்கள். மயக்கத்தோடு தொடர்புடைய மரணம் பத்தாயிரத்துக்கு ஒன்று. அப்படி இறந்த பத்துப் பிள்ளைகளுக்குமே வேறு பெரிய நோய் இருந்தது. உங்கள் மகனைப் போல ஆரோக்கியமான பிள்ளை ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் அது இரவும் பகலும் பிள்ளைகளையே பார்க்கும் இடம். அந்தக் கணக்கை எல்லா ஆபரேஷன் தியேட்டருக்கும் எடுத்து ஒட்ட முடியாது. ஐரோப்பாவில் 33 நாடுகளில் 31,127 மயக்கங்களைப் பார்த்து 2017-ல் வந்த ஆய்வில், நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு கடுமையான சிக்கல், பெரும்பாலும் மூச்சு சம்பந்தமாக. பிள்ளை சிறிதாக இருந்தால் கூடியது. மயக்கம் கொடுப்பவருக்கு அனுபவம் கூடினால் குறைந்தது. பெரும்பாலானவை அங்கேயே சரிசெய்யப்பட்டன, சரிசெய்யத் தெரிந்தவர் தலைமாட்டில் நின்றதால்.

எங்கே செய்வது?

உங்கள் மகனுக்கு என் தேர்வு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி. மயக்கவியல் துறை 24 மணி நேரமும் இருக்கும், ஏதாவது ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவு அதே வளாகத்தில், செலவு இல்லை. அலைச்சல் உண்டு, காத்திருப்பு உண்டு, சில நேரம் கடுஞ்சொல்லும் உண்டு. இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். குழந்தைகள் பிரிவில் காட்டி, குடலிறக்கத்தை யார் எந்த நாளில் பார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள். திருவனந்தபுரத்தில் எஸ்.ஏ.டி. என்ற அரசு தாய்சேய் மருத்துவமனை நல்ல இடம்தான். பிள்ளை ஆறு மாதத்துக்குக் கீழே இருந்தாலோ இதயக் கோளாறு இருந்தாலோ நானே அந்தத் திசைக்குக் கைகாட்டுவேன். இவனுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம்.

பழைய தனியார் மருத்துவமனைக்கே போவதாக இருந்தால் அதுவும் தப்பில்லை. சிறிய மருத்துவமனைகளில் மயக்க டாக்டர் வெளியிலிருந்துதான் வருவார். நானும் ஒரு காலத்தில் ஸ்கூட்டரில் ஒரே நாளில் மூன்று இடத்துக்கு ஓடியவள். அந்த ஓட்டத்தில் விட்டுப்போவது இரண்டு: முந்தின நாள் பிள்ளையைப் பார்ப்பது, முழுதாக விழிக்கும் வரை பக்கத்தில் நிற்பது. ஆகவே கேளுங்கள்:

மயக்கம் கொடுப்பவர் யார்? பெயரும் படிப்பும் சொல்லட்டும். மயக்கவியலில் எம்.டி., டி.என்.பி., டி.ஏ. எதுவானாலும் சரி. எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு அரசு தரும் குறுகிய காலப் பயிற்சி பிரசவ அவசரத்துக்கானது, பிள்ளைகளுக்கானதல்ல.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கொடுப்பவரா? "எப்பவாவது" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

பிள்ளை அளவு மாஸ்க், குழாய் இருக்கிறதா? ஆக்ஸிமீட்டரோடு, வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்ஸைடைக் காட்டும் கருவியும் இருக்கிறதா? அன்று காலை எடை பார்ப்பார்களா? பிள்ளைகளுக்கு மருந்து கிலோ கணக்கு. ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு.

சிக்கல் வந்தால் எங்கே அனுப்புவார்கள், யார் கூட வருவார்?

"இவ்வளவு கேட்டா வேற எங்கயாவது கொண்டு போங்க" என்று யாராவது சொன்னால் கோபப்படாதீர்கள். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

உங்கள் உரிமை

இதெல்லாம் கேட்க எனக்கு உரிமை உண்டா என்று பென்சிலில் எழுதி அடித்திருக்கிறீர்கள். உண்டு. சிகிச்சை தருபவர் யார், அவர் தகுதி என்ன என்று அறிவது தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இருக்கிறது. விளக்கம் சொல்லாமல் வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது என்பதை சமிரா கோலி வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆகவே நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதி. மயக்கக் குறிப்பின் நகலையும் வாங்கி வையுங்கள்; அடுத்து எப்போது மயக்கம் தேவைப்பட்டாலும் உதவும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். அட்டை இருந்தால் இந்த ஆபரேஷனுக்கு அந்த மருத்துவமனையில் செல்லுமா என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டு அட்டையை நம்பி விசாரிக்காமல் எல்லை தாண்ட வேண்டாம்.

உலகில் 170 கோடிப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான அறுவை சிகிச்சை எட்டாத இடத்தில் இருக்கிறது என்கிறார்கள். நம் மாவட்டம் அந்தக் கணக்கில் எவ்வளவோ மேல். ஆனால் இங்கேயும் நாகர்கோவில் டவுனில் இரண்டு வார்த்தை இங்கிலீஷ் கலந்து கேட்கும் அம்மாவுக்குக் கிடைக்கும் விளக்கம், கோதையாறு மலையிலிருந்து இறங்கி வரும் காணிக்கார அம்மாவுக்குக் கிடைப்பதில்லை. உங்களுக்கும் கிடைக்கவில்லை. மருந்தும் மெஷினும் வந்த வேகத்தில் அது வரவில்லை.

அந்த நாள்

தியேட்டர் வாசலில் யாரோ பிடுங்கிக்கொண்டு போவது போல ஆகக் கூடாது. மயக்கம் வரும் வரை கூட இருக்கலாமா என்று கேளுங்கள். சில இடத்தில் விடுவார்கள், சில இடத்தில் வாய்வழி மருந்து கொடுத்துச் சொக்கவைத்துக் கொண்டுபோவார்கள். ஒரு பழைய மாஸ்க் கிடைத்தால் ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் வைத்து விளையாடட்டும். முதுகுக்குக் கீழே வால் எலும்புப் பக்கம் ஓர் ஊசி போடலாமா என்று டாக்டர் கேட்கக்கூடும். வலி தெரியாமல் விழிக்க வைப்பதற்காக அது. காலமெல்லாம் முதுகுவலி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

விழிக்கும்போது அவன் கத்தலாம், உதைக்கலாம், உங்களையே தெரியாதவன் போலப் பார்க்கலாம். பெற்றவளுக்கு நெஞ்சு வெடிக்கும். மருந்து இறங்கும் நேரத்துக் குழப்பம் அது, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். கட்டிலிலிருந்து விழாமல் பிடித்துக்கொண்டு, அவன் வழக்கமாகப் போர்த்தும் துணியைப் பக்கத்தில் வையுங்கள். பிறகு தாகம் என்பான். முதலில் இரண்டு மடக்குத் தண்ணீர். வாந்தி இல்லாமல் தங்கினால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாயாவும் ரஸ்க்கும் கொடுக்கலாம். மாமியாரைக் கூப்பிட்டு அவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.